அனுபவப் பகிர்வு: பழைய மஸில் காரில் பெரிய இன்ஜின் போட்டவர்களே, பாடி தாங்கியதா?

நோவி68:

பதினோரு வருஷமாக நான் சம்பளம் வாங்குவது ஒரே வேலைக்குத்தான். புதுக் காரின் பாடி எவ்வளவு முறுக்கும், எந்த மூலையில் விரியும் என்று கணினியில் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஆள் சொந்தக் காரில் முதலில் கை வைத்தது எதில்? இன்ஜினில். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

கார் 1968 ஷெவர்லே கமாரோ கூப். வாங்கும்போது 327 இன்ஜின் (அந்தக் கால அமெரிக்க இன்ஜின் பேர்களில் வரும் எண் கன அங்குலக் கொள்ளளவு), நாலு பேரல் கார்புரேட்டர், 275 குதிரைத்திறன். அந்த 275-உம் அந்தக் காலத்து கிராஸ் கணக்கு. காரில் வரும் சைலன்ஸர், ஏர் ஃபில்டர் எதுவும் இல்லாமல் இன்ஜினை மட்டும் மேடையில் வைத்து ஓட்டி எடுத்த எண். 1972-இல்தான் நெட் கணக்குக்கு மாறினார்கள். அதை இறக்கிவிட்டு நான் ஏற்றியது ஜிஎம்மின் புதுக் கால 6.2 லிட்டர் எல்எஸ்3 இன்ஜின். 430 குதிரைத்திறன், வஞ்சகமில்லாத 430. ஐந்து கியர் பெட்டி, பின் ஆக்ஸிலில் 3.73 பல்விகிதம்.

ஜூன் மாதம், டிராக் ஸ்ட்ரிப்பில் (நேர்கோட்டில் கால் மைல் ஓட்டும் பந்தயத் தடம்) டெஸ்ட் நாள். மூன்றாவது முறை கிளட்சை விட்டதும் டாஷ்போர்டுப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். ஏரியில் ஐஸ் விடும்போது கேட்குமே, அந்த மாதிரி. திரும்பி வந்து பார்த்தால் விண்ட்ஷீல்டின் இடது கீழ் மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். சாயங்காலத்துக்குள் அது நடுக்கண்ணாடிக்கு வந்துவிட்டது. கல் அடித்திருக்கும் என்று நினைத்து வேறு கண்ணாடி போட்டேன். ஆறு வாரம். அதே மூலை, அதே விரிசல். கல்லுக்கு அவ்வளவு குறி தெரியாது.

அன்றைக்கு ராத்திரி இடது முன்பக்கம் சப்ஃபிரேமில் (முன்பாதிக்கு மட்டும் உள்ள இரும்புச் சட்டம்) ஜாக் கொடுத்து, சக்கரம் தரையை விட்டதும் டிரைவர் கதவைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினால் திறக்கிறது, ஆனால் மூடும்போது பூட்டு ஒரு இடத்திலும் அதன் கொக்கி இன்னொரு இடத்திலும் நிற்கிறது. ஜாக்கை இறக்கினேன், கதவு சாதுவாகச் சாத்திக்கொண்டது.

முதல் தலைமுறை கமாரோவை (67, 68, 69) வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இதற்கு முழு ஃபிரேம் கிடையாது. இன்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் சுமக்க முன்னால் மட்டும் ஒரு சப்ஃபிரேம். அது ஃபயர்வால் (இன்ஜினுக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) பக்கம் இரண்டு, முன் சீட்டுக்குக் கீழே இரண்டு என நாலு போல்ட்டில், ரப்பர் வைத்து பாடியோடு பிடித்திருக்கிறது. அங்கிருந்து பின் ஆக்ஸில் வரைக்கும் தகடுதான் பாரம் தாங்குகிறது. ஐம்பது வருஷம் ஆன ரப்பர் என்ன கதியில் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். என்னுடையதைக் கழற்றியபோது வாயில் போட்டு மென்று துப்பிய பாக்கு மாதிரி இருந்தது.

இப்போது கணக்கு. எல்எஸ்3-இன் டார்க் (முறுக்கு விசை) சுமார் 575 நியூட்டன் மீட்டர். என் கியர் பெட்டியில் முதல் கியர் 2.87. பெருக்கினால் 1650 வருகிறது. அந்த 1650-உம் பின்னால் போகும் ஷாஃப்டைச் சுற்றுகிறது என்றால், அதே அளவு எதிர்முறுக்கு இன்ஜின் மவுண்ட் வழியாகக் காரின் மூக்கில் விழுகிறது. மூக்கின் இடது பக்கம் எழும்புகிறது. பின்னால் ஆக்ஸில் எதிர்ப்பக்கமாகச் சுழலப் பார்க்கிறது. நடுவில் இருக்கும் பாடியை ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி இரண்டு கை பிடித்துத் திருகுகிறது. துணியில் தண்ணீர் வரும், எனக்குக் கண்ணாடி வந்தது.

உங்கள் காரில் என்ன நடந்தது, எழுதுங்கள். நான் செய்த வைத்தியத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்காபறோ66:

நோவி அண்ணை, கண்ணாடியோட போச்சுதெண்டு சந்தோசப்படுங்கோ. எனக்கு கராச்சே எரியப் பாத்தது.

நான் ரொறன்ரோவில இருக்கிறன். கார் 1966 மஸ்ராங், கூரை திறக்கிற மொடல். போர்ட் இதுக்கு ஏற்கெனவே கொஞ்சம் பலம் சேத்துத்தான் விட்டவங்கள். ரொக்கருக்குள்ள (கதவுக்குக் கீழ நீளமா ஓடுற பெட்டி) மொத்தத் தகடு, சீட்டுக்குக் கீழ ஒரு பெரிய பிளேற், முன்னுக்கு ரெண்டு பக்கமும் டோர்க் பொக்ஸ் (முறுக்கத்தைத் தாங்க மூலையில ஒட்டுற தகட்டுப் பெட்டி). அதால எனக்கு ஒரு அலட்சியம். 289-ஐ எடுத்துப்போட்டு 347 ஆக்கின 302 ஒண்டை வைச்சனான்.

முதல்ல வெளிக்கிட்டது ஷொக் ரவர். மஸ்ராங்கில முன் ஸ்பிரிங் மேல் கையுக்கு (முன் சில்லைப் பிடிக்கிற மேல் இணைப்பு) மேல, அந்தத் தகட்டுக் கோபுரத்துக்குள்ளதான் இருக்கு. காரின்ர முன் பாரம் முழுக்க அந்த ரெண்டு கோபுரமும்தான் சுமக்குது. காலப்போக்கில ரெண்டும் ஒண்டை ஒண்டு பாத்துச் சாயும். நான் எக்ஸ்போட் பிறேஸ் வாங்கினனான் (கோபுரம் ரெண்டையும் ஃபயர்வோலோட சேத்துக் கட்டுற ஒற்றைத் துண்டு, முந்தி ஏற்றுமதிக் காருக்குப் போட்டது, 1965 ஷெல்பி ஜிரி350-இலயும் இருந்தது). கொண்டுவந்து வைச்சுப் பாத்தா, ஒரு பக்க ஓட்டை சரி, மற்றப் பக்கம் கால் இஞ்சி விலத்தி நிக்குது. சாமான் பிழையெண்டு கடைக்காரனோட சண்டை பிடிச்சிட்டு வந்து அளந்து பாத்தா, பிழை என்ர கார். ஐட்ரோலிக் ஜாக்கைக் குறுக்க வைச்சு மெதுமெதுவாத் தள்ளித்தான் ஓட்டை சேர்ந்தது. கோபுரத்தில மேல் கை பூட்டுற இடத்தில தலைமுடி மாதிரி ஒரு வெடிப்பும் இருந்தது. பெயின்ற் சுரண்டினாத்தான் தெரிஞ்சுது. அதை ஒட்டுப்போட்டு, மேல ஒரு தகடும் வைச்சனான். கடைக்காரனிட்டப் போய் மன்னிப்பும் கேட்டனான்.

பிறகு கீழ. சப்ஃபிறேம் கனெக்ரர் (முன் ஃபிறேமையும் பின் ஃபிறேமையும் சேக்கிற நீள இரும்பு) ஒட்டுறதுக்குக் காரை உயத்தி வைச்சு, நான் கீழ படுத்திருந்து வெல்டிங். சீற் கழட்டினனான், கார்பெற்றும் கழட்டினனான். ஆனா கார்பெற்றுக்குக் கீழ இருந்த சணல் மெத்தையை, பின் பக்கம் கிடந்த துண்டை, 'சின்னத் துண்டுதானே' எண்டு விட்டிட்டன். தகட்டுக்குக் கீழ நெருப்பு, மேல சணல். எனக்குக் கீழ இருந்து ஒண்டும் தெரியேல்லை. மகள் தண்ணிப் போத்தல் கொண்டுவந்து தந்திட்டு, 'அப்பா, காருக்குள்ள ஏன் புகை?' எண்டு கேட்டாள். கதவைத் திறக்க நெருப்பு எழும்பிச்சுது. அவளின்ர கையில இருந்த அந்தத் தண்ணிப் போத்தல்தான் காப்பாத்தினது. நெருப்பணைக்கிற சிலிண்டர் எங்க? கராச்சுக்கு அங்கால, வீட்டுக் குசினியில.

இப்ப நான் வெல்டிங் செய்தா, காருக்குள்ள ஒரு ஆள் ஈரத்துணியோட இருக்கோணும், சிலிண்டர் என்ர காலடியில இருக்கோணும். முடிஞ்ச பிறகும் அரை மணித்தியாலம் கராச்சை விட்டுப் போறேல்லை. சணல் உள்ளுக்குள்ள கனிஞ்சு கொண்டிருந்து பிறகுதான் பிடிக்கும். எரிபொருள் குழாயும் பிரேக் குழாயும் எதால போகுதெண்டு முதல்ல பாருங்கோ. பற்றரியைக் கழட்டுங்கோ. மற்றதெல்லாம் பிறகு.

ஹூஸ்டன்ஷெவெல்:

உங்கள் இருவர் கதையையும் படித்துவிட்டு என் 1970 ஷெவெல் காருக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். முழு ஃபிரேம் அண்ணா, முழு ஃபிரேம்.

சரி, ரொம்பப் பீற்றிக்கொள்ளவும் முடியாது. ஷெவெல் ஃபிரேமின் பக்கவாட்டு நீளம் பெரும்பாலும் 'சி' வடிவம்தான், ஒரு பக்கம் திறந்தே இருக்கும். திறந்த பக்கத்தில் தகடு வைத்து மூடி ஒட்டினேன். மூடிய பெட்டி முறுக்கத்தை எப்படித் தாங்கும் என்பதற்கு வீட்டிலேயே சோதனை செய்யலாம். செருப்புப் பெட்டியை மூடியில்லாமல் திருகிப் பாருங்கள், பிறகு மூடியை ஒட்டிவிட்டுத் திருகிப் பாருங்கள். பின்னால் கீழ்க் கையும் மேல் கையும் பூட்டும் இடங்களை இணைத்து ஒரு பிரேஸ். இவ்வளவுதான் என் கதை. எதுவும் எரியவில்லை, உடையவில்லை. இங்கே எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

டாலஸ்ரன்னர்:

நான் செய்தது இதுவரை எழுதியவர்கள் எல்லோரையும் விட முட்டாள்தனம். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

1969 பிளிமத் ரோட் ரன்னர். 383, 335 குதிரைத்திறன். அதில் ஸ்ட்ரோக்கர் செய்த (பிஸ்டன் ஓட்டத்தை நீட்டிக் கொள்ளளவைக் கூட்டிய) 440 ஏற்றினேன். கிரைஸ்லர் காரில் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார். முன் சக்கரத்திலிருந்து பின்னோக்கி வந்து, முன் சீட்டுக்குக் கீழே குறுக்காக இருக்கும் கிராஸ்மெம்பரில் மாட்டியிருக்கும் நீளக் கம்பி. காரின் முன் பாரம் அந்தக் கம்பியை முறுக்குகிறது, கம்பி கிராஸ்மெம்பரை முறுக்குகிறது. ஃபிரேம் நீளம் அந்த இடத்தோடு நின்றுவிடும். பின் ஃபிரேம் ஆக்ஸிலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தொடங்கும். இடையில் தரைத் தகடும் ராக்கரும் மட்டும். ஹெமி (கிரைஸ்லரின் பெரிய இன்ஜின்) கார்களுக்கு ஃபாக்டரியே டார்க் பாக்ஸ் கூடுதலாக வைத்துக் கொடுத்தது. என்னுடையது ஹெமி இல்லை, அதனால் அதுவும் இல்லை. பின்பக்கக் கூரை குவார்ட்டர் பேனலோடு (பின் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) சேரும் இடத்தில் பெயிண்ட்டில் மெல்லிய சுருக்கம் விழ ஆரம்பித்தபோதுதான் உறைத்தது.

கனெக்டர் வாங்கி வந்தேன். தரையின் வளைவுக்கு ஏற்ப வெட்டி வரும் வகை. காரைத் தூக்கி நாலு ஜாக் ஸ்டாண்டில் வைத்தேன். எங்கே வைத்தேன்? முன் இரண்டும் பம்பருக்குப் பின்னால், பின் இரண்டும் கிட்டத்தட்ட டிக்கிக்குக் கீழே. கீழே படுக்க நிறைய இடம் கிடைக்குமே! இரண்டு முனையில் தாங்கிய கார் நடுவில் தொய்யும் என்று ஏழாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். கயிற்றுக் கட்டில் மாதிரி தொய்ந்த காரை அப்படியே பிடித்து, அழகான வெல்டிங் போட்டு, அந்தத் தொய்வை நிரந்தரமாக்கிவிட்டேன்.

இறக்கியதும் இரண்டு கதவும் பின்பக்க மேல் மூலையில் உரசின. கீல் தேய்ந்திருக்கும் என்று கீலைச் சரிசெய்தேன். உரசல் வேறு இடத்துக்குப் போனது. மூன்று நாள் கீலோடு மல்லுக்கட்டிய பிறகுதான் புத்தி வந்தது. கிரைண்டரை எடுத்து ஒரு பக்கக் கனெக்டரை அறுத்தேன். கடைசி அரை அங்குலம் அறுபடும்போது வெட்டு தானாக மூடிக்கொண்டு 'டொங்' என்று ஒரு சத்தம் கேட்டதே, அது இன்னும் காதில் இருக்கிறது. அவ்வளவு விசையை உள்ளே அடைத்து வைத்திருந்தேன்.

இரண்டாவது முறை கார் தன் சக்கரத்தில், தன் பாரத்தோடு, ராம்ப் மேல் நிற்க வைத்து ஒட்டினேன். கதவு இடைவெளியை முன்னும் பின்னும் அளந்தேன். சரியாக வந்தது. அறுத்த தழும்பு இருக்கிறது, போய்ப் பார்க்கிறவர்களிடம் காட்டுவதில்லை.

ஸ்காபறோ தம்பிக்கு ஒன்று. கூரை இல்லாத கார், 347 என்றால் டிராக் ஸ்ட்ரிப் பக்கம் போகும் எண்ணம் இருக்குமே. என்எச்ஆர்ஏ (அமெரிக்க டிராக் பந்தயச் சங்கம்) விதிப்படி இந்த மாதிரிப் பழைய கார் கால் மைலை 11.49 நொடியிலோ அதற்குள்ளோ கடந்தால்தான் ரோல் பார் (கார் உருண்டால் தலையைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு) கேட்பார்கள். கன்வெர்டிபிளுக்கு 13.49-இலேயே கேட்பார்கள். ரோல் பார் பாடியையும் இறுக்கும், சந்தேகமில்லை. ஆனால் தெருவில் ஹெல்மெட் போடாமல் ஓட்டும்போது தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பது தனி ஆபத்து. பஞ்சு சுற்றினாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் போடவில்லை.

ஒரிஜினல்பிரியன்:

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் அறுத்து ஒட்டுவதைப் படிக்கப் படிக்க நெஞ்சு பதைக்கிறது. ஃபாக்டரியிலிருந்து வந்த இன்ஜின் எண்ணும் பாடி எண்ணும் பொருந்தி நிற்கும் ஒரு 68 கமாரோவை, வேகம் வேண்டும் என்பதற்காக வெல்டிங் செய்வது, கோயில் தூணில் ஆணி அடித்து ஃபேன் மாட்டுவது போல. வேகம் வேண்டுமானால் புதுக் கார் வாங்கலாமே? இன்றைய சாதாரணக் குடும்பக் காரே உங்கள் ஸ்ட்ரோக்கருக்குத் தண்ணி காட்டும்.

நோவி68:

@ஒரிஜினல்பிரியன் சார், என்னுடையது எண் பொருந்தாத கார். வாங்கும்போதே இன்ஜின் வேறு காருடையது. எண் பொருந்தும் கார் என்றால் நானும் தொட மாட்டேன். அதற்கு போல்ட்டில் பூட்டும் கனெக்டர் இருக்கிறது, வேண்டாத நாளில் கழற்றிவிடலாம். பலன் வெல்டிங் அளவுக்கு வராது, போல்ட் ஓட்டையில் கொஞ்சம் ஆட்டம் இருந்தே தீரும். புதுக் கார் வாங்கலாமே என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மனைவியும் இதையேதான் கேட்கிறாள்.

ஓய்வுபெற்றவன்:

தம்பிகளே, நான் 1974-இல் மிச்சிகன் வந்தவன். பாடி சோதனைப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இரண்டு சங்கதி சொல்கிறேன்.

67 கமாரோ கன்வெர்டிபிளின் நாலு மூலையிலும், முன்னால் இரண்டு, டிக்கிக்குள் இரண்டு, உருளை டப்பா மாதிரி ஒன்று இருக்கும். உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் எடை. 'காக்டெயில் ஷேக்கர்' என்று பேர் வைத்திருந்தார்கள். கூரை இல்லாத பாடி மேடு பள்ளத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நடுங்கும். ஸ்டியரிங் கையில் குதிக்கும், கண்ணாடி ஆடிப் பின்னால் வருகிறவன் இரண்டாகத் தெரிவான். அந்த நடுக்கத்துக்கு எதிராக ஆடி அதைத் தின்பதுதான் டப்பாவுக்குள் இருக்கும் எடையின் வேலை. பாடியை இறுக்கச் செலவாகும், எடை ஏறும். அதனால் நடுக்கத்தை மட்டும் அடக்கிவிட்டு விற்றார்கள். கெட்டிக்காரத்தனம்தான், நான் குறை சொல்லவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் நண்பர் ஒருவரின் மகன் அப்படி ஒரு காரைக் கொண்டுவந்தான். பெரிய இன்ஜின் போட்டிருந்தான். எடை குறையட்டும் என்று நாலு டப்பாவையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டான். 'அங்கிள், ஐம்பது மைல் வேகத்தில் பல் ஆடுது, வீல் பேலன்ஸ் மூணு தடவை பண்ணிட்டேன்' என்றான். வீலில் ஒன்றும் இல்லையப்பா, பேலன்ஸைத்தான் குப்பையில் போட்டாய் என்றேன். டப்பா திரும்பக் கிடைக்கவில்லை. கனெக்டர் ஒட்டி, சப்ஃபிரேம் மவுண்ட் மாற்றியபின் நடுக்கம் பாதிக்கு மேல் அடங்கியது. முழுதாகப் போகவில்லை. கூரை இல்லாத கார் கூரை இல்லாத கார்தான்.

இரண்டாவது, துரு. பலம் சேர்ப்பது பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், எதோடு சேர்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. டெட்ராய்ட் ஊருக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே உப்புச் சுரங்கம் இருக்கிறது. மேலே கார் செய்வோம், கீழேயிருந்து உப்பை எடுத்துப் பனிக்காலத்தில் தெருவில் கொட்டி, செய்த காரைத் தின்னக் கொடுப்போம். என் காலத்திலிருந்து இதுதான் நடப்பு. ஆகவே கனெக்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு காருக்குக் கீழே படுங்கள். லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனை மாட்டியிருக்கும் இடம், ராக்கரின் உள் பக்கம், சப்ஃபிரேம் போல்ட் ஏறும் தரைத் தகடு, இந்த மூன்றையும் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதலில் தகடு மாற்றுங்கள். அழுகின தகட்டில் மூன்று மில்லி குழாயை ஒட்டினால் குழாய் அப்படியே இருக்கும், பக்கத்தில் கிழியும். வெளித் தோற்றத்தில் சந்தேகம் என்றால் ஒரு காந்தம் போதும். புட்டி பூசின இடத்தில் ஒட்டாது.

ஸ்காபறோ66:

ஐயா சொன்னது நூறு வீதம் உண்மை. இஞ்சயும் உப்புத்தான். என்ர காரை அரிசோனாவில இருந்து ஏத்தி இறக்கினதுக்கு அதுதான் காரணம். வெயிலில சீற்றும் டாஷும் வெடிச்சிருந்தது, தகடு தங்கம்.

நோவி அண்ணை, வைத்தியம் எங்க? நாங்கள் எல்லாரும் எங்கட மானத்தை வித்திட்டம்.

நோவி68:

சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

முதலில் அளக்க வேண்டும் என்று வைராக்கியம். வேலையில் கோடிக்கணக்கில் விலையுள்ள சோதனை மேடை இருக்கிறது, அதில் சொந்தக் காரை ஏற்ற முடியுமா? ஜனவரி மாதம், வெளியே பனி. பின் சப்போர்ட் இரண்டையும் பின் ஃபிரேமுக்குக் கீழே அசையாமல் நிறுத்தினேன். முன்பக்கம் சப்ஃபிரேமுக்குக் குறுக்கே ஒரு இரும்பு உத்தரம், அதன் நடுவில் மட்டும் ஒரு முட்டு, பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் விளையாட்டுப் பலகை மாதிரி. காரின் முன்பாதி அந்த நடுமுட்டில் தராசு போல நிற்கிறது. உத்தரத்தின் ஒரு முனையில், நடுவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் பாரம் தொங்கவிட வேண்டும். பாரத்துக்கு எங்கே போவது? எங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்கு வாங்கிய அரிசி என் கராஜில் இருந்தது. இருபது பவுண்டு மூட்டை. எட்டு மூட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்டேன். கிட்டத்தட்ட 73 கிலோ, ஒன்றரை மீட்டர் தூரம், 1070 நியூட்டன் மீட்டர் சொச்சம். முதல் கியரில் இன்ஜின் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கு.

சப்ஃபிரேமின் இரண்டு பக்கமும், 90 சென்டிமீட்டர் இடைவெளியில், டயல் கேஜ் வைத்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் 4 மில்லிமீட்டர். பார்க்கச் சின்ன எண். ஆனால் அது கண்ணாடிக்குத் தெரியாதே. கண்ணாடி வளையாது.

அப்புறம் வேலை. மக்கிய ரப்பரை எடுத்துவிட்டு அலுமினிய மவுண்ட். சப்ஃபிரேமைக் கழற்றி மாட்டும்போது குறுக்களவு இரண்டையும் மூன்று தடவை டேப் பிடித்துப் பார்த்தேன். கோணலாக இறுக்கினால் முன் சக்கர அலைன்மென்ட் ஜென்மத்துக்கும் வராது. கனெக்டர் சப்ஃபிரேமின் பின் முனையிலிருந்து பின் ஃபிரேம் வரை. தரைக்குக் கீழே தொங்கினால் வேகத்தடையில் உரசும், அதனால் தரைத் தகட்டை நீளவாக்கில் வெட்டிக் குழாயை உள்ளே பாதி புதைத்து, தகட்டையும் அதோடு சேர்த்து ஒட்டினேன். பின் சீட்டில் உட்காருகிறவர் காலடியில் ஒரு திண்டு தட்டும். பின் சீட்டில் உட்காருவது என் பிள்ளைகள், அவர்கள் ஏற்கெனவே புகார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

டாலஸ் அண்ணா சொன்ன மாதிரி காரை நாலு சக்கரத்தில், ராம்ப் மேல் நிறுத்தினேன். பெட்ரோல் டாங்கை இறக்கி வெளியே வைத்துவிட்டேன். கதவு இடைவெளியை அளக்க டிரில் பிட்டுகளை எடுத்துக்கொண்டேன். எந்தப் பிட் எந்த இடத்தில் இறுக்கமில்லாமல் நுழைகிறது என்று ஒரு டேப்பில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன். நாலு புள்ளி ஒட்டு, பிட் நுழைகிறதா பார்ப்பது. இந்தப் பக்கம் ஒரு அங்குலம், அந்தப் பக்கம் ஒரு அங்குலம், கை வைத்தால் சுடாத வரைக்கும் காத்திருப்பது. ஒரே மூச்சில் இழுத்தால் தகடு சுருண்டு இழுத்துக்கொள்ளும். மூன்று சனிக்கிழமை போயிற்று. முடிந்ததும் குழாய்க்குள் மெழுகு அடித்து, கீழே தண்ணீர் வடிய ஓட்டையும் விட்டேன்.

மறுபடி அதே உத்தரம், அதே எட்டு மூட்டை. 2.7 மில்லி. எங்கள் ஆபீஸில் இந்த அளவைக் காட்டினால் சிரிப்பார்கள், கராஜ் தரையே கொஞ்சம் அசைந்திருக்கும் என்பார்கள். இரண்டு தடவையும் ஒரே தரைதான்.

நான் எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. பாடி இறுகியதும் சஸ்பென்ஷன் திடீரென்று ரொம்ப முரடாகத் தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். முன்பெல்லாம் பாடியே ஒரு ஸ்பிரிங். ஷாக் அப்ஸார்பர் இல்லாத ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை மறைக்க நான் கெட்டியான ஸ்பிரிங்காகத் தேடிப் போட்டிருந்தேன். இப்போது பாடி அசையாததால் ஸ்பிரிங்கைக் குறைக்க முடிந்தது. முன் ஸ்பிரிங் ஒரு படி மென்மையாக மாற்றினேன். கார் இன்னும் நன்றாகத் திரும்புகிறது, முதுகும் பிழைத்தது. சஸ்பென்ஷனை முதலில் வாங்கிவிட்டு பாடியைப் பிறகு பார்ப்பவர்கள் என்னைப் போல இரண்டு தடவை காசு கொடுப்பார்கள்.

கெடுதல் இல்லாமல் இல்லை. அலுமினிய மவுண்ட் போட்டபின் ரோட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறது. நெடுஞ்சாலையில் மனைவியோடு பேசக் குரலை உயர்த்த வேண்டும். தினமும் ஓட்டுகிற காராக இருந்தால் பாலியூரிதேன் போட்டிருப்பேன்.

ஹூஸ்டன்ஷெவெல்:

அரிசி என்ன ஆயிற்று?

நோவி68:

ஒரு மூட்டை பிரிந்து கொட்டிவிட்டது. மீதி ஏழு பொங்கலுக்குப் போயிற்று. எட்டாவதுக்கு நான் கடைக்குப் போனேன். இரண்டாவது அளவுக்கு மறுபடி எட்டு வாங்கினேன், இன்னும் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

டாலஸ்ரன்னர்:

விண்ட்ஷீல்டு?

நோவி68:

மூன்றாவது கண்ணாடி. ஒரு சீசன் முழுக்க ஓட்டியாகிவிட்டது, ஸ்ட்ரிப்பில் பதினெட்டு முறை கிளட்சை விட்டிருக்கிறேன். மூலை சுத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இறங்கியதும் முதலில் அங்கேதான் விரலை வைக்கிறேன், அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வுட்வர்ட் டிரீம் குரூஸ், டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலம். ஃபெர்ன்டேல் பக்கம்தான் நிறுத்துவேன். வருகிறவர்கள் சொல்லுங்கள், இட்லி கொண்டு வருகிறேன். ஐயா கட்டாயம் வர வேண்டும்.

ஓய்வுபெற்றவன்:

வருவேன். மடக்கு நாற்காலி கொண்டு வா.

ஸ்காபறோ66:

நானும் வாறன் அண்ணை. வின்ட்சர் எல்லையால நாலு மணித்தியாலம். ஆனா கண்ணால பாத்தாத்தான் நம்புவன். முன் சில்லைத் தூக்கி வைச்சுக் கதவைத் திறந்து மூடிக் காட்டோணும். ஜாக் நான் கொண்டு வாறன்.